குஞ்சு எடுக்கும் தொட்டிக்கு எந்த ஃபில்டர் வாங்குவது?

மீன் கடையில் போய் நின்று, "ரெண்டடி தொட்டிக்கு நல்ல ஃபில்டர் ஒண்ணு குடுங்கண்ணே" என்று கேட்டால், விவரம் தெரிந்த கடைக்காரர் உடனே எடுத்துக் கொடுக்க மாட்டார். "பார்க்கறதுக்கா தம்பி, குஞ்சு எடுக்கறதுக்கா?" என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். ஹாலில் அழகுக்கு வைக்கும் தொட்டியில் தண்ணீர் தெளிந்து பளிச்சென்று இருக்க வேண்டும். அதற்கு வேகமாக இழுத்து வடிகட்டும் மோட்டார் ஃபில்டர் சரி. அதே மோட்டாரைக் கப்பி குட்டி போட்ட தொட்டியில் ஓடவிட்டால், விடிவதற்குள் பாதிக் குட்டிகள் அதன் வாய்க்குள் போயிருக்கும். "தாய் மீன் தின்னுடுச்சு போல" என்று பலர் நினைத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். மோட்டாரைக் கழற்றி, உள்ளே இருக்கும் பஞ்சைப் பிரித்துப் பார்த்தால் உண்மை தெரியும்.

புதுச்சேரி, கடலூர் பக்கம் வீட்டு மாடியிலும் கார் நிறுத்தும் இடத்திலும் ஒன்றிரண்டு தொட்டி வைத்து, கப்பி, மோலி, ஃபைட்டர், ஏஞ்சல் என்று முதன்முறையாகக் குஞ்சு எடுக்கப் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இவர்களில் பெரும்பாலோருக்கு ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். அதை என்ன விலைக்கு வாங்கினோம் என்பதைவிட, குஞ்சு வருவதற்கு முன்னால் அது எத்தனை நாள் ஓடிப் பழகியிருக்கிறது என்பதுதான் முக்கியம். ஏன் என்று தெரிந்துகொண்டால் கடையில் யார் எதைச் சொன்னாலும் குழம்ப மாட்டீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத அழுக்கு

ஃபில்டர் என்றதும் தண்ணீரில் மிதக்கும் தூசியை வடிகட்டும் சாமான் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். குஞ்சுத் தொட்டியில் அது இரண்டாம்பட்சம். கண்ணுக்குத் தெரிகிற அழுக்கை ஒரு ஏர் ட்யூபை வைத்து உறிஞ்சி எடுத்துவிடலாம். குஞ்சைக் கொல்வது கண்ணுக்குத் தெரியாத அம்மோனியா.

மீன் மூச்சுவிடும்போதே செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டிருக்கும். தின்னாமல் மிஞ்சிய தீனி அழுகினாலும், செத்த குஞ்சு கிடந்தாலும் அதே அம்மோனியாதான் வரும். இதை ஒருவகை பாக்டீரியா தின்று நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் விஷம்தான், மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். இன்னொரு வகை பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. நைட்ரேட் ஓரளவு வரை தாங்கக்கூடியது. வாரா வாரம் தண்ணீர் மாற்றும்போது போய்விடும்.

இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிவதைவிட எதிலாவது ஒட்டிக்கொண்டு வாழ்வதுதான் அதிகம். அவற்றுக்கு ஒட்ட ஒரு பரப்பு வேண்டும், ஆக்சிஜன் வேண்டும், அம்மோனியா கலந்த தண்ணீர் இடைவிடாமல் அவற்றைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். இந்த மூன்றையும் ஏற்பாடு செய்து கொடுப்பதுதான் ஃபில்டரின் வேலை.

இங்கே நம் ஊர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புதுச்சேரியிலும் கடலூரிலும் நாம் பெரும்பாலும் நிலத்தடி நீரைத்தான் நம்பி இருக்கிறோம். கடலோர ஊர்களில் பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். சுடுதண்ணீர் வைக்கிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்தால் உங்களுடையது கடினநீர். அப்படிப்பட்ட தண்ணீரில், அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு பெரும்பாலும் 7-க்கு மேலே நிற்கும். அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கிறது. ஒன்று மீனை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. மற்றது கடும் விஷம். எது எவ்வளவு என்பதை பி.எச்.சும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. தண்ணீர் 30 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் விஷ வடிவம் 100-க்கு 1 பங்குகூட இருக்காது. பி.எச். 8 என்றால் 7, 8 பங்கு வந்துவிடும். அதே மீன், அதே தீனி, அதே அழுக்கு. விஷம் மட்டும் ஒன்பது மடங்கு.

அதனால்தான் மழைநீர் மாதிரி மென்மையான தண்ணீர் கிடைக்கும் ஊர்க்காரர் சொல்கிற "குஞ்சுத் தொட்டிக்கு ஃபில்டரே வேணாம், தண்ணி மாத்துனா போதும்" என்ற யோசனை கடலோரத்தில் இருக்கும் நமக்கு ஒத்துவராது. அதிலும் குஞ்சுக்கு ஒரு நாளைக்கு நாலைந்து தடவை தீனி போடுகிறோம். போடுவதில் பாதி மிஞ்சும். பெரிய மீன் தாக்குப்பிடிக்கிற அம்மோனியாவைக் குஞ்சு தாங்காது.

ஸ்பாஞ்ச் ஏன் சரிப்படுகிறது

ஸ்பாஞ்ச் ஃபில்டரில் ஓடும் பாகமே கிடையாது. நடுவில் ஓட்டைகள் போட்ட ஒரு குழாய், அதைச் சுற்றி ஒரு ஸ்பாஞ்ச், குழாய்க்குள் காற்றைவிடும் ஒரு ட்யூப். அவ்வளவுதான். குமிழ்கள் குழாய்க்குள் ஏறும்போது உள்ளே இருக்கும் தண்ணீரையும் சேர்த்து மேலே தூக்கிக்கொண்டு போகின்றன. போன தண்ணீரின் இடத்தை நிரப்ப, வெளியிலிருந்து தண்ணீர் ஸ்பாஞ்ச் வழியாக மெதுவாக உள்ளே வருகிறது. இழுவை ஸ்பாஞ்சின் பரப்பு முழுவதும் பரவிவிடுவதால் எந்த ஒரு இடத்திலும் குஞ்சை இழுத்துப் பிடிக்கும் வேகம் இருக்காது. மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள ஃபைட்டர் குஞ்சுகூட அதன்மேல் உட்கார்ந்து எழுந்து போகும்.

நன்றாகப் பழகிய ஸ்பாஞ்சைக் கிட்டே போய்ப் பாருங்கள். பழுப்பு நிறத்தில், தொட்டால் வழவழப்பாக ஒரு படலம் மூடியிருக்கும். குட்டி போட்டு இரண்டு மூன்று நாளான கப்பிக் குட்டிகள் அதைச் சுற்றி நின்றுகொண்டு தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கொத்திக்கொண்டே இருக்கும். பார்த்தால் ஸ்பாஞ்சையே தின்பது போலிருக்கும். அந்தப் படலத்தில் வளரும் நுண்ணுயிர்களையும், அதில் வந்து ஒட்டிய தீனித் தூளையும்தான் அவை மேய்கின்றன. நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில், தீனி போட ஆளில்லாத நேரத்தில், குட்டிகளுக்கு அதுதான் சாப்பாடு. வேறு எந்த ஃபில்டரும் இதைத் தராது. எனக்கு இந்த ஃபில்டர்மேல் இவ்வளவு பிடிப்பு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக்சிஜன் சங்கதியும் உண்டு. 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை பிடித்து வைக்கும், 30 டிகிரியில் அது 7.5 ஆகிவிடும். கத்திரி வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கும் தொட்டி 30-ஐயும் தாண்டும். ஸ்பாஞ்ச் ஃபில்டரில் குமிழ்கள் மேலே வந்து நீர்ப்பரப்பைக் கலைத்துக்கொண்டே இருப்பதால் காற்றைப் பொடிக் குமிழாக விடும் ஏர் ஸ்டோனைத் தனியாகப் போட வேண்டியதில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் வைத்ததைவிட அடியில் கனமான பீடம் உள்ளதை எடுங்கள். ரப்பர் நாளானால் பிடி விட்டுப்போய், கண்ணாடிக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவே குஞ்சு மாட்டிக்கொள்ளும். துளை ரொம்பப் பெரிதாக இருந்தால் பொடிக் குஞ்சு உள்ளே நுழையும், ரொம்ப நெருக்கமாக இருந்தால் நாலு நாளில் அடைத்துவிடும். ஒரு அங்குலத்துக்கு 30 துளை என்ற கணக்கு குஞ்சுத் தொட்டிக்குச் சரியாக வரும். கடையில் எண் தெரியாவிட்டால் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைவிடச் சற்றுப் பெரிய துளையாகப் பார்த்து எடுங்கள். இரட்டை ஸ்பாஞ்ச் கிடைத்தால் அதையே வாங்குங்கள், ஏன் என்று கழுவும் இடத்தில் சொல்கிறேன். புது ஸ்பாஞ்ச் மிதக்கும். தண்ணீருக்குள்ளேயே வைத்துக் காற்று முழுக்கப் போகும்வரை பிழிந்தால் கீழே உட்கார்ந்துவிடும்.

தொட்டியின் கொள்ளளவு தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள். ஒரு கன அடி 28.3 லிட்டர். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி விளிம்பு வரை நிறைந்தால் 56 லிட்டர், நாம் ஊற்றுவது 45 முதல் 50 லிட்டர்வரை. ஸ்பாஞ்ச் ஃபில்டர் அட்டையில் "இத்தனை லிட்டர் வரை" என்று போட்டிருப்பதைக் குஞ்சுத் தொட்டிக்குப் பாதியாக வைத்துக் கணக்கிடுங்கள். சின்னத் தொட்டிக்குப் பெரிய ஸ்பாஞ்ச் போட்டால் கெடுதல் ஒன்றுமில்லை.

மற்ற ஃபில்டர்கள்

தொட்டிக்குள் ஒட்டிவைக்கும் மோட்டார் ஃபில்டர், தொட்டி விளிம்பில் தொங்கும் ஃபில்டர் இரண்டும் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். தண்ணீர் இழுக்கும் வாயில் ஒரு ஸ்பாஞ்சைச் செருகிவிடுங்கள். குஞ்சு போகாது. ஆனால் திரும்பி விழும் தண்ணீரின் வேகத்தைக் குறைப்பது கடினம், பொடிக் குஞ்சுகள் நாள் முழுக்க எதிர்நீச்சல் போட்டே களைத்துவிடும். தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் விலை அதிகம், பெரிய தாய் மீன் தொட்டிக்கு வைத்துக்கொள்ளலாம். மணலுக்கு அடியில் போடும் தட்டு ஃபில்டர் குஞ்சுத் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம். குஞ்சுத் தொட்டியில் மணலே போடக்கூடாது, வெறும் கண்ணாடித் தரையாக இருந்தால்தான் மிஞ்சிய தீனி எங்கே கிடக்கிறது என்று தெரியும். கார்பன் அட்டைக்குக் காசு செலவழிக்காதீர்கள். மருந்து போட்ட பிறகு அந்த மருந்தைத் தண்ணீரிலிருந்து எடுக்கத்தான் பெரும்பாலும் உதவும்.

நாலைந்து தொட்டிகளை வரிசையாக வைத்து, எல்லாத் தண்ணீரையும் ஒரே பெரிய ஃபில்டர் தொட்டிக்குக் கொண்டுபோய்த் திருப்பிவிடும் ஏற்பாடு பார்க்க நன்றாக இருக்கும். ஆரம்பத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பேன். ஒரு தொட்டியில் வெண்புள்ளி நோய் வந்தால் மறுநாள் எல்லாத் தொட்டியிலும் இருக்கும். ஒரு பம்பிலிருந்து ட்யூப் பிரித்து, தொட்டிக்கு ஒரு ஸ்பாஞ்ச் வைத்தால் நோய் அந்தத் தொட்டியோடு நிற்கும்.

எந்த மீனுக்கு எப்படி

கப்பியும் மோலியும் குட்டி போடும் மீன்கள். பிறந்தவுடனே நீந்தும், தின்னும். முதல் நாளிலிருந்தே ஸ்பாஞ்ச் ஓடலாம். உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீர் வருகிற வீட்டுக்காரர்கள் மோலியில் ஆரம்பிப்பது நல்லது, அதற்குக் கடினநீரும் லேசான உப்பும் பிடிக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். நல்ல தண்ணீரில் பழகிய ஸ்பாஞ்சை உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குத் திடீரென்று மாற்றினால் பாக்டீரியா திணறும். நாலைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும்.

ஃபைட்டருக்கு நேர்மாறு. ஆண் மீன் நீர்ப்பரப்பில் நுரைக்கூடு கட்டி, அதில் முட்டைகளை ஒட்டவைக்கும். தண்ணீர் அசைந்தால் கூடு கலைந்துவிடும். அதனால் ஜோடி சேரும் தொட்டியில் ஃபில்டரை நிறுத்திவையுங்கள். தண்ணீர் நாலு முதல் ஆறு அங்குலம் போதும். காய்ந்த நாட்டுவாதுமை இலை ஒன்றைப் போட்டால் ஆணுக்கு மறைவாகவும் இருக்கும், குஞ்சின் முதல் உணவான நுண்ணுயிர்களும் அதில் வளரும். கடற்கரை ஊரில் இந்த மரத்துக்குக் குறைவில்லை, பாதாம் இலை என்று பாக்கெட்டில் போட்டு விற்பதை வாங்க வேண்டியதில்லை. பூச்சிமருந்து படாத மரமாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வாருங்கள். முட்டை பொரிக்க ஒன்றிரண்டு நாள். அதற்கப்புறம் இரண்டு மூன்று நாள் குஞ்சுகள் கூட்டிலேயே வாலைத் தொங்கவிட்டபடி இருக்கும். அவை படுக்கைவாட்டில் நீந்த ஆரம்பித்ததும் ஆணை எடுத்துவிட்டு, அப்போது ஸ்பாஞ்சை ஓடவிடுங்கள். ஏர் ட்யூபில் ஒரு சின்ன வால்வு போட்டு, நொடிக்கு ஒன்றிரண்டு குமிழ் வருகிற அளவுக்குத் திருகி வையுங்கள். முதல் இரண்டு வாரம் அதற்கு மேல் வேண்டாம்.

ஏஞ்சல் மீன் சில சமயம் ஃபில்டர் குழாயின் மேலேயே முட்டை வைத்துவிடும். பதற வேண்டாம், முட்டைமேல் புதுத் தண்ணீர் படுவது நல்லதுதான். முட்டையைத் தனியே எடுத்துப் பொரிக்கவைப்பவர்கள் பூஞ்சை வராமல் இருக்க மெத்திலீன் நீலம் போடுவார்கள். அது பாக்டீரியாவையும் பாதிக்கும். அந்தப் பாத்திரத்தில் ஏர் ஸ்டோன் மட்டும் போதும், பழகிய ஸ்பாஞ்சை அதில் வைத்துப் பாழாக்காதீர்கள்.

கோல்டு ஃபிஷ் தின்பதும் அதிகம், கழிப்பதும் அதிகம். தாய் மீன் தொட்டிக்கு ஸ்பாஞ்ச் மட்டும் காணாது, அங்கே மோட்டார் ஃபில்டர் வேண்டும். முட்டையிட்டதும் பெற்றோர் முட்டையைத் தின்னத் தொடங்கிவிடும் என்பதால் அவற்றை உடனே எடுத்துவிட்டு, அப்புறம் குஞ்சுக்கு ஸ்பாஞ்ச்.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் கடல் வண்ணமீனான கோமாளி மீனைத் தொட்டியில் வளர்த்துக் குஞ்சு பொரிக்கவைக்கும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆர்வத்தில் அதற்குத் தாவ வேண்டாம், கடல்நீர்த் தொட்டியின் கணக்கே வேறு.

பழக்குவதும் கழுவுவதும்

இன்று வாங்கிய ஸ்பாஞ்ச் வெறும் நுரைப் பஞ்சு. அதில் பாக்டீரியா இல்லை. ஒன்றுமே இல்லாத புதுத் தொட்டியில் அது பழக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நம் ஊர் வெப்பத்தில் கொஞ்சம் முன்னாலேயே முடியலாம், ஆனால் அதை நம்பி அவசரப்பட வேண்டாம். கப்பி சினைப்பட்டுக் குட்டி போட ஏறக்குறைய நாலு வாரம். வயிறு பெருத்த பிறகு ஓடிப்போய் ஃபில்டர் வாங்குவதில் பயனில்லை. வீட்டில் பெரிய மீன்கள் இருக்கும் பழைய தொட்டி ஒன்று இருந்தால், இப்போதே ஒரு ஸ்பாஞ்சை அதன் மூலையில் போட்டு ஓடவிடுங்கள். ஒரு மாதம் கழித்து எடுத்துக் குஞ்சுத் தொட்டியில் வைத்தால் அன்றைக்கே வேலை செய்யும். அந்தத் தொட்டி மீன்களுக்கு நோய் எதுவும் இல்லை என்று தெரிந்தால் மட்டும் இப்படிச் செய்யுங்கள். ஒரு தொட்டிக்கு ஒன்று என்றில்லாமல் எப்போதும் ஒரு ஸ்பாஞ்ச் கூடுதலாக ஓடிக்கொண்டிருப்பது குஞ்சு எடுக்கிறவருக்கு ரொம்பப் பெரிய பலம்.

கழுவுவதில்தான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். குழாயடியில் வைத்து, வெள்ளையாகும்வரை தேய்த்துக் கழுவுகிறார்கள். நகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஒரு மாதம் சேர்த்த பாக்டீரியாவை அது கெடுத்துவிடும். தொட்டியிலிருந்தே ஒரு வாளித் தண்ணீர் எடுத்து, அதில் ஸ்பாஞ்சை நாலு தடவை மெதுவாக அமுக்கிப் பிழியுங்கள். காப்பித் தண்ணீர் நிறத்தில் கசடு இறங்கும். அதோடு விட்டுவிடுங்கள், நிறம் மாற வேண்டாம். ஸ்பாஞ்சைத் தூக்கும்போது தொட்டிக்குள்ளேயே கசடு கலையாமல் இருக்க, ஒரு பிளாஸ்டிக் பையைத் தண்ணீருக்குள் விட்டு அதனுள் வைத்து மூடி எடுங்கள். உள்ளே குஞ்சு ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பையிலும் பாருங்கள். இரட்டை ஸ்பாஞ்ச் வாங்கச் சொன்னது இதற்குத்தான்: இந்த வாரம் ஒன்று, இரண்டு வாரம் கழித்து மற்றது. குமிழ் குறைந்தால் ஸ்பாஞ்ச் அடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள், நம் தண்ணீரில் ட்யூப் முனையில் சுண்ணாம்பு படிந்திருக்கும். முனையை மட்டும் வினிகரில் ஊறவைத்து அலசினால் சரியாகிவிடும்.

கரண்ட் போனால்

5 வாட் ஏர் பம்ப் நாள் முழுக்க ஓடினால் 0.12 யூனிட், மாதத்துக்கு 3.6 யூனிட். பில்லைப் பற்றிப் பயந்து இரவில் நிறுத்தாதீர்கள். பம்பை நீர்மட்டத்துக்கு மேலே ஒரு பலகையில் வையுங்கள். கீழே வைத்தால், கரண்ட் போனதும் தொட்டித் தண்ணீர் ட்யூப் வழியாகத் திரும்பி வந்து பம்பையும் கெடுத்துத் தரையையும் நனைத்துவிடும். கீழேதான் இடம் என்றால் தண்ணீர் திரும்பாத வால்வு ஒன்றை ட்யூபில் போடுங்கள், விலை சொற்பம்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும் மழையும் இருட்டுமாகத்தான் இருந்தது. கார்த்திகை, மார்கழியில் குஞ்சு வைத்திருக்கும் கடலோரத்துக்காரர் இதை மனதில் வைத்துத்தான் ஃபில்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூடிய டப்பாவாக இருக்கும் கேனிஸ்டரில் தண்ணீர் ஓட்டம் நின்றால், உள்ளே இருக்கும் ஆக்சிஜனைச் சில மணி நேரத்தில் பாக்டீரியாவே தீர்த்துவிட்டு மடியத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள் பாயும். ஸ்பாஞ்ச் தொட்டித் தண்ணீரிலேயே திறந்து கிடப்பதால் அதைவிடக் கூடுதல் நேரம் தாங்கும். அதை ஓட்டவும் பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று போதும், இன்வெர்ட்டர் இருந்தால் இன்னும் சுலபம். மழைக்காலத்துக்கு முன்னாலேயே வாங்கி, ட்யூப் பொருந்துகிறதா என்று ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

பம்பே இல்லாமல் மாட்டிக்கொண்டால் தீனியை நிறுத்துங்கள். ஒரு வாரம் தாண்டிய கப்பி, மோலிக் குட்டிகள் ஒரு நாள் பட்டினியைத் தாங்கும். ஒரு டம்ளரால் தொட்டித் தண்ணீரையே மொண்டு அரையடி உயரத்திலிருந்து மெதுவாக ஊற்றுங்கள், மணிக்கு நாலைந்து தடவை. கரண்ட் வந்த பிறகு ஸ்பாஞ்சை வாளித் தண்ணீரில் ஒருமுறை பிழிந்துவிட்டுப் பொருத்துங்கள், தொட்டியில் கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள், சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டில் அம்மோனியா பாருங்கள். அளவு காட்டினால் இரண்டு நாளைக்குத் தீனியைப் பாதியாக்கி, தினமும் கால் பங்கு மாற்றிக்கொண்டே வாருங்கள்.